ஐந்து கயிற்றில் ஒரே எச்சில்

டாக்டரே,

உங்கள் ஐஸ் பெட்டி போன வாரம் என் கொட்டகைக்கு வந்து சேர்ந்தது. உத்தமபாளையத்திலிருந்து உங்கள் மருமகன் ஸ்கூட்டரில் கால் வைக்கும் இடத்தில் வைத்துக் கொண்டுவந்தார். "மாமா பீரோவுக்கு மேல இருந்துச்சு. உங்க பேரை எழுதி ஒட்டியிருந்தாக. அத்தைதான் குடுத்துட்டு வரச் சொன்னாக" என்றார்.

நான் கை நீட்டவில்லை. "வேற யாருக்கும் எதுவும் எழுதி வச்சிருந்தாகளா?" என்று கேட்டேன்.

"இல்ல. உங்களுக்கு மட்டுந்தான்."

அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒருத்தனுக்கு மட்டும் தனியாக வந்து சேரும் எதையும் நான் நம்புவதில்லை. அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் அனுப்ப ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்.

அந்த நீலப் பெட்டியை எனக்கு எங்கே பார்த்தாலும் தெரியும். கைப்பிடி உடைந்து, மாட்டுக்குக் கட்டுப்போடும் துணியை முறுக்கிக் கட்டியிருப்பீர்கள். மருமகன் போன பிறகும் அதைத் தீவன மூட்டை மேல் வைத்துவிட்டுச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் திறந்தேன். பினாயில் வாசம். அடியில் பிளாஸ்டிக் பைக்குள் ஒரு முழம் வெள்ளைப் பருத்திக் கயிறு, ஒரு முனையில் முடிச்சு, மறுமுனை கடிபட்டுப் பிசிறு பிசிறாக. அதோடு நாலாக மடித்த ஒரு தாள்.

கயிற்றைப் பார்த்ததுமே எனக்கு முகம் சுருங்கிப்போனது. நாம் இரண்டு பேரும் பழகியதே ஒரு கயிற்றுத் திருட்டில்தானே.

நீங்கள் முதன்முதலில் வந்த நாளில் நான் வண்டியிலிருந்து பன்றிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். சின்னமனூர்ப் பக்கத்துச் சரக்கு. நீங்கள் வாசலிலேயே நின்று, பையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காலில் மாட்டி ரப்பர் பேண்ட் போட்டீர்கள்.

"எங்க கொட்டகை அம்புட்டு அசிங்கமா இருக்கா?" என்றேன்.

"உங்க கொட்டகை சுத்தமாத்தான் இருக்கும். என் செருப்புதான் சரியில்லை. காலையில இன்னொரு பண்ணைக்குப் போயிட்டு வந்துச்சு."

இறக்குகிற ஆட்களில் ஒருவன் சும்மா இருக்கவில்லை. "ஏலே, ராவுத்தர் வீட்டு டாக்டரு பன்னியப் பாக்க வந்திருக்காக. கண்ணை மூடிக்கிட்டுத்தான் ஊசி போடுவாக போல" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

நீங்கள் அவனைத் திரும்பிப் பார்த்துச் சாவகாசமாகச் சொன்னீர்கள்: "திங்கக் கூடாதுன்னுதாம்ப்பா எனக்குச் சொல்லியிருக்கு. அதுக்குக் காய்ச்சல் வந்தா பாக்கக் கூடாதுன்னு சொல்லலை. ஒன்னைக்கூடத்தான் திங்க மாட்டேன். ஒனக்குக் காய்ச்சல்னா பாக்காம விட்டுருவனா?"

அவன் வாய் அடங்கியது. ஆனால் என் மனசு அடங்கவில்லை. இந்த மனுசனுக்கு என் பன்றியின் எச்சில் எதற்கு என்று அது கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி செய்கிறார்கள், இந்தப் பள்ளத்தாக்கில் எந்தப் பண்ணையில் எந்த வகை வைரஸ் இருக்கிறது என்று பார்க்கிறார்கள், நீங்கள் சேகரித்துக் கொடுக்கிறீர்கள் என்று சொன்னீர்கள். கயிற்றை அறைக்குள் தொங்கவிட வேண்டும், பன்றி விளையாட்டாக மெல்லும், மென்றதைப் பிழிந்து குப்பியில் பிடித்தால் போதும், ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம் என்றீர்கள். எவ்வளவு எளிதாகச் சொல்கிறார்களோ அவ்வளவு உள்ளே ஏதோ இருக்கிறது என்பது என் கணக்கு.

நான் ஓட்டல் எச்சில் வாளியைச் சைக்கிளில் கட்டிப் பண்ணை பண்ணையாக ஊற்றித் தொழிலுக்கு வந்தவன். விற்க வருகிறவன் முந்தின நாள் உப்புத் தண்ணி குடிக்க வைத்து எடை கூட்டியிருப்பான் என்று பன்றியின் வயிற்றைத் தட்டிப் பார்த்துக் கற்றவன். கேரளத்து லாரி ஏறும்வரை ஒருத்தன் பேச்சையும் நம்பாதவன். அதுவும் அந்தச் சமயம் ஆப்பிரிக்கக் காய்ச்சல் என்று மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பண்ணை பண்ணையாகக் குழி தோண்டிப் புதைத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்கு ஒரு பெயர் வைத்தால் மறுநாள் ஜேசிபி வரும் என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"நான் தேடுறது அது இல்லை. இது சர்க்கோன்னு ஒரு வைரஸ். இந்தியாவுல பன்னி வளக்குற இடமெல்லாம் இருக்கு. இதுக்காக எவனும் குழி தோண்ட மாட்டான்" என்றீர்கள்.

"இருக்கட்டும். எந்தப் பண்ணையில என்ன இருக்குன்னு பேரு வெளிய வரக் கூடாது. யார்கிட்டயும், எப்பவும். சத்தியம் பண்ணுங்க."

நீங்கள் கொஞ்சம் யோசித்தீர்கள். பிறகு, "வாக்குக் குடுத்தாச்சு. எல்லாத்துக்கும் நம்பர்தான். பேரு என்னோட போயிரும்" என்றீர்கள். அந்த வார்த்தையைப் பிடுங்கியவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

வாக்கு வாங்கியும் எனக்குத் திருப்தி இல்லை. ஐந்து அறைக்கு ஐந்து கயிறு கொடுத்துவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போனீர்கள். என் கொட்டகையில் ஐந்து அறையிலும் ஐந்து ஊர்ப் பன்றி. லாரி நிறையும்வரை சேர்த்து வைக்கிற இடம் அது. நான் என்ன செய்தேன்? இருந்ததிலேயே கொழுகொழுவென்று இருந்த சின்னமனூர்ச் சரக்கு அறையில் ஐந்து கயிற்றையும் சேர்த்துத் தொங்கவிட்டேன். நல்ல பன்றியின் எச்சில் ஐந்து குப்பியில் போகட்டும், என் கொட்டகைக்கு நல்ல பெயர் வரட்டும் என்று. நீங்கள் வந்தபோது ஐந்து குப்பியும் நம்பர் ஒட்டித் தயாராக இருந்தன. "பரவாயில்லையே" என்று வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு போனீர்கள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு தாளோடு வந்தீர்கள். தீவன மூட்டையில் உட்கார்ந்து, டீயை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுத்தான் பேச்சை எடுத்தீர்கள்.

"ஏவாரியாரே, இந்த வைரஸ் ஒரு உடம்புல இருந்து இன்னொரு உடம்புக்குப் போகும்போது அப்பிடியே போகாது. போகப் போக அங்கங்க ஒரு மாத்தம் விழும். விழுந்தது பெரும்பாலும் போகாது. அடுத்து எங்க போனாலும் அதையும் தூக்கிக்கிட்டுத்தான் போகும்."

நான் கேட்டேன்: "காது வெட்டு மாதிரியா?"

உங்கள் முகம் மலர்ந்ததே, இன்னும் கண்ணில் நிற்கிறது. நம் பக்கம் ஒவ்வொரு பண்ணைக்காரனும் தன் அடையாளத்துக்குப் பன்றியின் காது ஓரத்தில் ஒரு வெட்டுப் போடுவான். வாங்குகிறவன் இன்னொன்று போடுவான். வெட்டு கூடுமே தவிரக் குறையாது. கை தேர்ந்தவன் காதைப் பார்த்தே அந்தப் பன்றி யார் யார் கை மாறி வந்தது என்று சொல்லிவிடுவான். நான் சொல்லுவேன்.

"அதேதான்! இத்தனை வருசமா இதைச் சொல்ல எனக்கு ஒரு வழி தெரியலை. காது வெட்டு" என்று தொடையில் தட்டினீர்கள். பிறகு தாளை என் பக்கம் திருப்பினீர்கள். "அப்ப நீங்களே சொல்லுங்க. அஞ்சு அறை. அஞ்சு ஊருப் பன்னி. அஞ்சு காதுலயும் ஒரே இடத்துல ஒரே வெட்டு. ஒண்ணுகூட மாறலை. ஒங்ககிட்ட இப்பிடி ஒரு லோடு வந்தா என்ன சொல்லுவீக?"

எனக்குக் காது சுட்டது. "களவுச் சரக்கும்பேன்" என்றேன்.

"நானும் அதைத்தான் நினைச்சேன்" என்று சொல்லிவிட்டு, கண்ணில் தண்ணி வரச் சிரித்தீர்கள். நீங்கள் திட்டியிருந்தால் அன்றோடு முடிந்திருக்கும். சிரித்தீர்கள். அதனாலேயே அடுத்த ஐந்து கயிற்றை நான் ஒழுங்காக அறைக்கு ஒன்றாகக் கட்டினேன். அப்போது சரக்கு அறை ஒன்று காலி, அதனால் ஐந்தாவது கயிறு துரையின் அறைக்குப் போனது.

துரையைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. என்றாலும் இந்த மடலை வேறு யாராவது படித்தால் தெரியட்டும். சினைக்கு விடுவதற்காக நான் வைத்திருக்கும் ஆண் பன்றி அது. நல்ல வெள்ளை, நீளமான உடம்பு, நடையில் ஒரு மிடுக்கு, அதனால் துரை. ராயப்பன்பட்டியிலிருந்து கூடலூர் வரை சின்னப் பண்ணைக்காரர்கள் யாராலும் தனியாக ஓர் ஆண் பன்றி வைத்துத் தீனி போட முடியாது. தாய்ப்பன்றி பருவத்துக்கு வந்தால் எனக்குப் போன் வரும். துரையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போவேன். கூலி கிடையாது. குட்டி போட்டுப் பால் மறந்ததும் நான் போய், அந்த ஈற்றில் என் கண்ணுக்குப் பிடித்த ஒரு குட்டியை முதலில் பொறுக்கிக்கொள்வேன். தலைக்குட்டி என்று அதற்குப் பெயர். தலைக்குட்டிகள் என் கொட்டகைக்கு வரும், துரையின் பக்கத்து அறையில் வளரும். இப்படித்தான் நான் ஆள் ஆனேன்.

இரண்டாவது தாள் வந்தபோது நீங்கள் டீ குடிக்கவில்லை. ஐந்தும் வேறு வேறாக இருக்கிறது, சரி என்றீர்கள். ஆனால் ஒன்றில் விசித்திரம் என்றீர்கள். பாதி நம் பக்கத்து வைரஸ், பாதி மலைக்கு அந்தப் பக்கத்து வைரஸ், இரண்டும் ஒட்டுப் போட்டதுபோல ஒன்றாக ஆகியிருக்கிறது. இரண்டு வகையும் ஒரே பன்றியின் உடம்புக்குள் சந்தித்தால்தான் அப்படி ஒன்று பிறக்கும் என்றீர்கள்.

"எது அது?" என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நீங்களே சொல்வீர்கள் என்று பார்த்தேன். நீங்களும் சொல்லவில்லை.

"துரையைக் கொஞ்ச நாள் வெளிய அனுப்பாதீக. தலைக்குட்டிகளையும் வந்ததும் அதுகூடச் சேக்காம தூரத்துல தனியா வைங்க. துரை போற இடத்துக்கெல்லாம் ஏதோ போகுது. குட்டி வர்ற இடத்துல இருந்தெல்லாம் ஏதோ வருது. ஒங்க கொட்டகை ஒரு சந்தை ஏவாரியாரே. அங்கன பன்னி மட்டும் கை மாறலை" என்றீர்கள்.

"துரைக்கு ஒரு தும்மல்கூட இல்ல."

"அதுக்கு இருக்காது. வித்துல இருக்கும்."

அப்போது என் புத்தி எங்கே போனது தெரியுமா? அந்த மாதம்தான் ஊசி மூலம் சினை ஏற்றுகிற ஒருத்தன் கம்பத்தில் புதிதாகக் கடை போட்டிருந்தான். துரை வீட்டில் கட்டிக் கிடந்தால் யாருக்கு லாபம்? கேட்டே விட்டேன். "அந்த ஊசிக்காரன் ஒங்களுக்கு என்ன குடுக்குறான்?"

காலில் மாட்டியிருந்த கவரைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தீர்கள். போய்விட்டீர்கள். நான் அடுத்த நாளே துரையை ஆட்டோவில் ஏற்றினேன், வீம்புக்கு. அன்றைக்குப் போனது செசிலி வீட்டுக்கு.

செசிலி எங்கள் ஊர்க்காரி, எனக்குத் தங்கச்சி முறை. புருசன் போன பிறகு நாலு தாய்ப்பன்றியை வைத்து மகளைக் காலேஜில் சேர்த்தவள். ஓட்டல் எச்சிலை இரும்பு டிரம்மில் ஊற்றி, விறகு வைத்துக் காய்ச்சித்தான் பன்றிக்கு ஊற்றுவாள். அவள் கொட்டகையில் ஈ மொய்க்காது.

துரை போய்வந்து நாலு மாதத்துக்குள் அவள் பண்ணை சரிந்தது. தாய்ப்பன்றிகள் ஒன்று மாற்றி ஒன்று கருப்பாய் வற்றிப்போன குட்டிகளைப் போட்டன. உயிரோடு பிறந்ததும் பால் மறந்த பிறகு தேயத் தொடங்கியது. முதுகெலும்பு கத்தி மாதிரித் துருத்தியது. அவளே உங்களுக்குப் போன் செய்திருக்கிறாள். நீங்கள் வந்தபோது நானும் அங்கே இருந்தேன். ஊசிக்காரன் பேச்சுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நாம் முகம் பார்த்தோம்.

"எச்சியைக் காய்ச்சுனியாம்மா?" என்று கேட்டீர்கள்.

"பொங்கப் பொங்கக் காய்ச்சுனேன் சார். டிரம்மைப் பாருங்க, அடி எப்பிடிக் கருகிக் கிடக்குன்னு."

நான் நடுவில் புகுந்தேன். "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவாக. விறகு விக்கிற விலைக்கு எவ காய்ச்சுறா?"

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். நீளமான பார்வை. வாய் திறந்து மூடியது. பிறகு திரும்பி, அவள் கொட்டகையில் ஒரு கயிற்றைத் தொங்கவிட்டீர்கள்.

அதோடு நான் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. எஸ்டேட் ஜீப் கிளம்புகிற இடத்து டீக்கடையில், பத்துப் பேர் முன்னால், "செசிலி எச்சியைக் காய்ச்சாம ஊத்திப்புட்டா, அதான் வந்துருச்சு. அவ சரக்கை எவனும் தொடாதீக" என்று சொன்னேன். எனக்குப் பயம். அவள் பன்றி செத்ததற்கு ஒரு காரணம் சீக்கிரம் கிடைக்காவிட்டால், அங்கே கடைசியாகப் போய்வந்தது யார் என்று ஆட்கள் யோசிப்பார்கள். அன்றைக்கு அதை நான் பயம் என்று நினைக்கவில்லை. எனக்கு விசயம் தெரியும் என்று நினைத்தேன்.

என் பேச்சுக்கு இந்தத் தொழிலில் விலை உண்டு. ஒருத்தன்கூட அவளிடம் வாங்கவில்லை. மிச்சத்தைக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டு, அதே டீக்கடை வாசலில் ஜீப் ஏறி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போக ஆரம்பித்தாள்.

அதற்குப் பிறகு நீங்கள் என் கொட்டகைக்கு மூன்று தடவை வந்தீர்கள். வேலை ஒன்றும் இல்லாமல். ஒவ்வொரு தடவையும் டீ குடித்தீர்கள், திராட்சை விலை பேசினீர்கள், கிளம்பும்போது, "அந்தத் துரையைப் பத்தி ஏதாச்சும் கேக்கணுமா?" என்றீர்கள். நான் ஒவ்வொரு தடவையும், "என்ன கேக்க இருக்கு?" என்றேன். போலீஸ்காரன் விசாரிப்பதுபோல இருந்தது எனக்கு. என் வாயைப் பிடுங்கப் பார்க்கிறீர்கள் என்று நினைத்தேன்.

நாலாவது தடவை நீங்கள் வரவில்லை. தேனி ஆஸ்பத்திரியில் நெஞ்சு வலி என்று சேர்த்தார்கள், மறுநாள் செய்தி வந்தது. பள்ளிவாசலுக்கு வெளியே ரோட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். ஆட்டுக்காரன், மாட்டுக்காரன், கோழிப்பண்ணைக்காரன் எல்லாம் நின்றார்கள். இத்தனை பேருக்கும் இவர் என்னென்ன ரகசியம் வைத்திருந்தாரோ என்று அந்த இடத்திலும் என் புத்தி ஓடியது. மன்னிக்க வேண்டும்.

இனி அந்தத் தாளுக்கு வருகிறேன்.

கல்லூரியில் அச்சடித்த ஒரு மரப் படம், எந்த வைரஸிலிருந்து எது பிரிந்து வந்தது என்று காட்டுவது. ஒரு கோடு பிரிந்து இரண்டாகி, இரண்டு நாலாகி, நுனியில் நம்பர்கள். ஆனால் இந்தத் தாளில் ஒவ்வொரு நம்பருக்கும் பக்கத்தில் உங்கள் கையெழுத்தில், பென்சிலில், பெயர் இருக்கிறது. அந்த ஒட்டுப்போட்ட கிளையின் அடியில், துரை. அதிலிருந்து பிரிந்துபோகிற கிளைகள்: கூடலூர், ஆனைமலையன்பட்டி, இன்னும் இரண்டு, கடைசியாகச் செசிலி.

நான் ஏவாரி. தாளோடும் பேரம் பேசினேன். அவளிடமிருந்து துரைக்கு வந்திருக்கக் கூடாதா? ஒரு நாள் பூராவும் அதைப் பிடித்துத் தொங்கினேன். ஆனால் துரையின் எச்சில் எடுத்தது நான் அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால். துரைக்கு இருக்கிற வெட்டெல்லாம் அவள் கயிற்றில் இருக்கிறது, அதற்கு மேல் புதிதாக ஒன்று கூடியிருக்கிறது. ஒரு வெட்டு அதிகம் இருக்கிற காது பின்னால் கை மாறியது. இதைச் சொல்லிக் கொடுத்தவன் நானே அல்லவா?

தாளின் ஓரத்தில் ஒரே ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். "இது சாட்சி இல்லை. ஆனால் இதைவிட நல்ல சாடை கிடைக்காது. அவர் கேட்டால் சொல்ல வேண்டும்."

நான் கேட்கவில்லை. வாக்குக் கொடுத்த மனுசன் நீங்கள். செசிலியைக் காப்பாற்ற வேண்டும் என்றால் என் பெயரைச் சொல்ல வேண்டும். என் பெயரைச் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியவன் நான். மூன்று தடவை வந்து, அந்தச் சத்தியத்திலிருந்து விடுதலை கேட்டிருக்கிறீர்கள். அதை நான் போலீஸ் விசாரணை என்று நினைத்தேன்.

ஆனால் உங்கள்மேலும் எனக்குச் சந்தேகம் இருக்கிறது டாக்டரே. சொல்லாமல் விட மாட்டேன். உயிரோடு இருக்கும்போதே இந்தத் தாளை என் முகத்தில் எறிந்திருக்கலாமே? வாக்கு பெரிதா, அவள் பிழைப்பு பெரிதா? சண்டை போடப் பிடிக்காமல் சும்மா இருந்துவிட்டீர்களா? அப்படித்தான் என்றால் அதில் உங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. இதைக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நேற்று முன்தினம் சாயங்காலம் ஜீப் இறங்குகிற நேரத்துக்குப் போய் நின்றேன். செசிலி இறங்கினாள். கையெல்லாம் ஏலக்காய்க் கறை. தாளைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். காது வெட்டு என்றதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. பன்றி வளர்த்தவள்தானே.

அழுவாள் என்று நினைத்தேன். "இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?" என்றாள்.

"தங்கச்சி, ரெண்டு தாய்ப்பன்னி தர்றேன்..."

"ஒங்க பன்னி எதுக்குண்ணே எனக்கு? எம்மக கல்யாணத்துல எங்க சொந்தக்காரவுகளே எலையில கை வைக்க யோசிச்சாக, தெரியுமா? எச்சிய வேகவைக்காதவ சோத்தை மட்டும் வேகவச்சிருப்பாளான்னு ஒருத்தி கேட்டா. என் காதுபடக் கேட்டா."

தாளை மடித்து என் கையில் திணித்தாள்.

"எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? எங்கன வச்சுச் சொன்னீகளோ அங்கன வச்சுச் சொல்லுங்க. நாளைக்குக் காலையில, ஜீப் நிக்கும்போது. நானும் இருப்பேன்."

நேற்றுக் காலை சொன்னேன். டீக்கடை வாசல், நாலு ஜீப், மாஸ்க்கும் தொப்பியும் போட்ட பொம்பளைகள், டீ கிளாஸோடு ஆம்பளைகள். "செசிலி எச்சியை ஒழுங்காத்தான் காய்ச்சுனா. நோயைக் கொண்டுபோனது என் துரை. நான் சொன்னது தப்பு. இனிமே துரை எங்கயும் வராது, தலைக்குட்டியும் எடுக்க மாட்டேன்" என்றேன்.

பிறகு ஒரு டிரைவர் பக்கத்து ஆளிடம், குரலைத் தணிக்காமலேயே சொன்னான்: "இதுல என்னமோ ஏவாரம் இருக்குடா. இந்தாளு சும்மா வாயைத் தெறக்க மாட்டாரு."

"செசிலி எடத்துக்கு ரோடு வருதாமே. அதுக்கு அடி போடுறாரு" என்றான் இன்னொருவன்.

கூடலூர்ப் பண்ணைக்காரர் மத்தியானமே போன் செய்துவிட்டார். "தலைக்குட்டி வேணாங்குறீகளாம்? எங்க குட்டியில அப்பிடி என்ன குறை கண்டீக?" விளக்கிச் சொன்னேன். நம்பவில்லை. என்னை யாருமே நம்பவில்லை டாக்டரே. இத்தனை வருசம் நான் எல்லோரையும் பார்த்த பார்வையால் எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நீங்கள் இருந்திருந்தால் தொடையில் தட்டிச் சிரித்திருப்பீர்கள்.

ஆனால் காலையில் ஜீப் கிளம்பும்போது செசிலி மட்டும் ஏற வைத்த காலைத் திரும்ப இறக்கினாள். ஏறவில்லை. "இன்னைக்கு வேலைக்கு வரலை" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு என் முன்னால் வந்து நின்றாள். "ரெண்டு தாய்ப்பன்னின்னு சொன்னீகல்ல. எந்த ஊருச் சரக்கு?"

"நல்ல சரக்கு தங்கச்சி, நான் பாத்துத் தர்றேன்..."

"நீங்க பாத்தது போதும். கயிறு கட்டுங்க. கல்லூரிக்காரவுகளுக்கு அனுப்புங்க. தாளு வரட்டும். ஒங்க பேரை மறைக்காம வரட்டும். அதுக்கப்புறம் வாங்குறதா வேணாமான்னு நான் சொல்றேன்."

இன்று காலை அவள் என் கொட்டகைக்கு வந்தாள். வாசலிலேயே நின்று, இடுப்பில் செருகியிருந்த இரண்டு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காலில் மாட்டினாள். அதை யாரிடம் பார்த்துக் கற்றாள் என்று நான் கேட்கவில்லை. பருத்திக் கயிறு சுருளை எடுத்து ஐந்து துண்டாக வெட்டினேன். உங்கள் கயிற்றை வெட்டவில்லை. அது ஆட்டோவில் என் சீட்டுக்கு மேல் தொங்குகிறது, அங்கேயே இருக்கும். யாரையாவது ஏமாற்றுகிறவன் என்று நினைக்கும்போதெல்லாம் முதலில் அது என் கண்ணில் படட்டும்.

ஐந்து துண்டையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு முதல் அறைக்குள் நுழையப் போனேன். செசிலி குறுக்கே வந்து நின்றாள். கை நீட்டி நாலைப் பிடுங்கிக்கொண்டாள்.

"ஒரு அறைக்கு ஒண்ணுண்ணே," என்றாள். "நான் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கேன்."